குங்குமச் சிமிழில் ஒரு ரோமாபுரிச் சக்கரவர்த்தி

2004 அக்டோபர், புதன்கிழமை, காலை 9.30. டொரொன்டோவிலிருந்து மாண்ட்ரியல் போகும் பஸ் கிளம்பியது. தூரம் 540 கிலோமீட்டர், கட்டணம் எண்பத்தாறு டாலர். மகன் டிக்கெட் எடுத்து ஜன்னலோரம் உட்கார வைத்து, "பயப்படாம போங்கப்பா, ஒரே பஸ்தான், எங்கயும் மாற வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினான். பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயம் வரும். டிக்கெட் இருக்கிறதா, பாஸ்போர்ட் இருக்கிறதா என்று நகர எல்லையைத் தாண்டுவதற்குள் நாலு முறை சட்டைப் பையைத் தடவிவிட்டேன்.

நான் கரூர்க்காரன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் எழுத்தர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முத்திரை இல்லாத காகிதத்தைக் கையால் தொடாமலே காலம் தள்ளியாயிற்று. மாண்ட்ரியலில் என் மகள் கோகிலா எட்டு மாத கர்ப்பிணி. போன தடவை ஏழாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போய்விட்டது. இந்தத் தடவை கூட இருக்க வர வேண்டியவள் என் மனைவி சரோஜாதான். புறப்படுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து படுத்துவிட்டாள். அவளைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு, ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிற நான், மகன் வீட்டில் ஒரு வாரம், மகள் வீட்டில் ஒரு வாரம் என்று இரண்டே வாரத்துக்கு வந்திருக்கிறேன். திரும்பிப் போனதும் அவளுக்கு இரண்டாவது ஆபரேஷன்.

பகல் 12.40. கிங்ஸ்டனில் பஸ் இருபது நிமிஷம் நின்றது. காப்பி ஒரு டாலர் முப்பத்தைந்து சென்ட். பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விடுமோ என்று கோப்பையோடு படிக்கட்டுப் பக்கத்திலேயே நின்று குடித்தேன். டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்து, ஏதோ ஆறுதலாகச் சொன்னார். அதற்கு மேல் சாலையோர மேப்பிள் மரங்களெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தன. மூன்றரை மணிக்குப் பெயர்ப் பலகைகள் பிரெஞ்சுக்கு மாறின.

மாலை 5.50. பெர்ரி பஸ் நிலையம். மருமகன் செந்தில் காத்திருந்தார். ஈரோட்டுப் பிள்ளை, என்ஜினியர். மெட்ரோவில் மத்திய ரயில் நிலையம் போய், அங்கிருந்து புறநகர் ரயிலில் ரொக்ஸ்பரோ வந்து, அவருடைய காரில் பத்து நிமிஷத்தில் பியர்பொன்ட்ஸ் சேர்ந்தோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகளில் ஒன்று. வாசலில் வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி கோகிலா நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "ஏங்கண்ணு, எதுக்குக் குளிர்ல நிக்கற?" என்று அதட்டினேன். அதட்டாவிட்டால் அழுதிருப்பேன்.

வியாழக்கிழமை, காலை 8.00. அம்மா கொடுத்துவிட்ட மூட்டையைக் கோகிலா பிரித்தாள். பழம் புடவைத் துணி, வசம்பு, பெருங்காயம், சாம்பிராணி, திருநீறு, கடைசியில் ஒட்டு நாடா சுற்றிய ஒரு பித்தளைக் குங்குமச் சிமிழ். நாடாவை உரித்து மூடியைத் திறந்தாள். விரலை விட்டுத் துழாவி, சிவந்த வட்டமாக ஒன்றை வெளியே எடுத்தாள்.

"அப்பா! அம்மா லட்சுமியக் குடுத்து விட்டிருக்காங்க!" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவள் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அது லட்சுமி இல்லை. திபேரியஸ் என்ற ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் வெள்ளிக் காசு. இரண்டாயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான வயது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊர் அமராவதி ஆற்றில் மணல் சலிப்பவர்களின் சல்லடையில் பழங்காசு சிக்கும். வில்லும் அம்பும் போட்ட சேரன் காசு, புலி போட்ட சோழன் காசு, மீன் போட்ட பாண்டியன் காசு எல்லாம் ஒரே ஆற்று மணலில் கலந்து கிடக்கும். ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு செத்தவர்களின் காசுகள் ஒரே சல்லடையில் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. மிளகு வாங்க வந்தவர்கள் விட்டுப்போன ரோமாபுரிக் காசும் வரும். அப்படி முப்பது வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கிடைத்தது இது. ஒரு பக்கம் சக்கரவர்த்தியின் தலை. சுற்றிலும் 'தெய்வமான அகஸ்டஸின் மகன்' என்ற எழுத்து. மறுபக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையில் கோலும் மறு கையில் கிளையும் பிடித்த ஒரு பெண். வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலையில் பார்த்தால் காசு பூஜை அலமாரியில் இருந்தது, பெண்ணின் நெற்றியில் குங்குமம். "அது அவங்க ஊர் ராஜமாதாவா இருக்கும்" என்று எவ்வளவோ சொன்னேன். "உக்காந்திருக்கறா, கையில பூங்கொத்து வெச்சிருக்கறா, வேற யாரு?" என்றாள் சரோஜா. அத்தோடு சக்கரவர்த்தி குப்புறப் படுத்தவர்தான். முப்பது வருஷமாக அம்மாளுக்குப் பாலும் பழமும்.

என் கஷ்டம் என்னவென்றால், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசை நம் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவது குற்றம். எங்கள் ஊர்ப் பழங்காசுச் சங்கத்துக்குப் பதினோரு வருஷமாகச் செயலாளர் நான். கூட்டத்துக்குக் கூட்டம் இதைத்தான் முழங்குவேன். சிங்கப்பூரில் இருக்கிற மகனுக்கு ஒரே ஒரு சேரன் காசைக் கொடுத்தனுப்பிய உறுப்பினர் ஒருவரை, அவர் கெஞ்சக் கெஞ்ச, தீர்மானம் போட்டு நீக்கியவனும் நான்தான். இப்போது சென்னையிலும் டொரொன்டோவிலும் சுங்கத்தைக் கடந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ரோமாபுரிக் காசைக் கடத்தி வந்திருக்கிறேன். வெளியே தெரிந்தால் என் பெயர் என்ன ஆகும்? போலீஸ், கோர்ட்டு எல்லாம் அப்புறம். அந்த நீக்கப்பட்ட மனிதர் என்னை எதிரில் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், நான் அங்கேயே முடிந்தேன்.

ஐந்து டாலர் தொலைபேசி அட்டையில் சரோஜாவைப் பிடித்தேன். அங்கே சாயங்காலம்.

"காசு எப்படி இங்க வந்துச்சு?"

"எனக்குத்தான் வர முடியலைங்க. அவளையாச்சும் அனுப்பி வெச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்லியிருந்தா எடுத்துட்டுப் போயிருப்பீங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் அட்டையில் இருந்த நிமிஷங்கள் தீர்ந்துவிட்டன.

வெள்ளிக்கிழமை. காசைக் கழுவித் துடைத்து, பனியன் உள்பையில் வைத்து ஊக்கு மாட்டினேன். வீட்டில் வைத்துவிட்டுப் போனால் யாராவது எடுத்துவிடுவார்களோ என்ற பயம், கையில் வைத்திருந்தால் யாராவது சோதிப்பார்களோ என்ற பயம். பகல் பதினொரு மணிக்கு நடக்கப் போனபோது ஒரு போலீஸ் கார் தெருமுனையில் மெதுவாகத் திரும்பியது. நான் பக்கத்து தெப்பனருக்குள் புகுந்துவிட்டேன். இங்கே பெட்டிக்கடைக்கு அதுதான் பேர். ஒன்றும் வாங்காமல் வந்தால் சந்தேகப்படுவார்கள் என்று எனக்கு ஆகவே ஆகாத புதினா மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கினேன். தொண்ணூற்றைந்து சென்ட். போலீஸ்காரரும் பின்னாலேயே வந்து, ஒரு பால் புட்டி வாங்கி, "போன்ஷூர்" என்று என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை, பகல் 1.00. பக்கத்து வீட்டு மரியதாஸ் டாக்சி ஓட்டுகிறார். இலங்கையில் மன்னார்க்காரர், கத்தோலிக்கர், ஐம்பது வயது இருக்கும். "வீட்டுக்குள்ள இருந்து என்னய்யா செய்யிறியள்? வாங்கோ, டவுனைக் காட்டுறன்" என்று அவராகவே அழைத்தார். நகர நடுவில் ஓர் அருங்காட்சியகத்தில் பழங்காசுகள் இருப்பதாகச் செந்தில் சொல்லியிருந்தார். அங்கேயே போவோம் என்றேன். இருபத்தைந்து கிலோமீட்டர், மீட்டரைப் போடவே இல்லை. பனியனுக்குள் காசு இருப்பது வாசலில் காவலர் பையைத் திறக்கச் சொன்னபோதுதான் உறைத்தது. அருங்காட்சியகத்துக்குள் பழங்காசோடு போகிற முட்டாள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெளியே வரும்போது பிடித்து, இங்கிருந்துதான் திருடினாய் என்றால் யாரிடம் போய் அழுவது?

இரண்டாம் மாடியில் கண்ணாடிக்குள் திபேரியஸ் இருந்தார். அதே தலை, அதே எழுத்து. என்னுடையதில் இல்லாதது ஒன்று அதில் இருந்தது, முழுசான கழுத்து. என்னுடைய காசில் கழுத்துக்குக் குறுக்கே உளியால் போட்ட வெட்டு உண்டு. மரியதாஸிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு தூணின் மறைவுக்கு அழைத்துப் போய், ஊக்கைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

"ஆர் இதை வெட்டினது?"

"நம்ம ஊர்லதான் வெட்டியிருக்காங்க. வெள்ளி நல்லதான்னு பாக்க வெட்டினாங்கன்னு சில பேரு சொல்றாங்க. வேற நாட்டு ராஜாவோட தலை நம்ம சந்தையில செல்லக் கூடாதுன்னு வெட்டினாங்கன்னு இன்னும் சில பேரு. நான் ரெண்டாவது கட்சி."

பக்கத்து வரிசையில் நாலு காசுகள் இருந்தன. திபேரியஸ் செத்து முப்பத்திரண்டு வருஷம் கழித்து ரோமாபுரியில் ஒரே வருஷத்தில் நாலு சக்கரவர்த்திகள். ஒருவனைக் கொன்று அடுத்தவன், அவன் தற்கொலை செய்துகொள்ள அடுத்தவன், அவனைத் தெருவில் இழுத்துப் போட்டுக் கொன்று நாலாவது ஆள். மூன்றே மாதம் ஆட்சி செய்தவனும் விடாமல் தன் தலையைக் காசில் அடித்துவிட்டுத்தான் செத்தான். அந்த வருஷம் ரோமாபுரியில் எண்ணெய் வாங்கப் போன ஒரு பெண்ணை நினைத்தேன். எந்தத் தலையை நீட்டினால் கடைக்காரன் வாங்குவான், எந்தத் தலையை நீட்டினால் சிப்பாய் பிடிப்பான் என்று முந்தானையில் முடிந்ததைத் தடவிப் பார்த்துக்கொண்டே போயிருப்பாள். இதை நான் மரியதாஸிடம் சொன்னபோது அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்கட வீட்டில கலண்டர் ஐயா" என்றார். "ஆமி வந்தா சுவரில ஒரு கலண்டர். இயக்கப் பெடியள் வந்தா வேற கலண்டர். பேந்து இந்தியன் ஆமி வந்தவை, அவைக்கு காந்திப் படம் போட்ட ஒண்டு. கலண்டர்தான் மாறும், ஆணி அதே ஆணிதான்."

இந்தியன் ஆமி என்றபோது நான் என் செருப்பைப் பார்த்தேன். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை.

"ஒருக்கா மாத்த மறந்து போனம். விடியக் காலமை வந்தவை பழசைக் கண்டிட்டினம். அப்புவை, என்ர தகப்பனை, கொண்டு போயிட்டினம். மூண்டு நாளைக்குப் பிறகு வந்தார். அதுக்குப் பிறகு அவர் வலது கையால சோறு சாப்பிடேல்ல."

"எந்த ஆமி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அதைவிடுங்கோ" என்றார். காசை இரண்டு விரலால் எடுத்து, கழுத்து வெட்டை வெகு நேரம் பார்த்தார். "வெட்டினவனும் பயத்திலதான் வெட்டியிருப்பான் போல. வேற ஆக்கள் வந்து இவன்ர தலை ஏன் உன்னட்ட இருக்கெண்டு கேட்டா, இந்தா பார், வெட்டி வச்சிருக்கிறன் எண்டு காட்டலாமெல்லே."

முப்பது வருஷமாக இந்த வெட்டைப் பற்றிப் பேசியிருக்கிறேன், இரண்டு கட்டுரைகளும் எழுதியிருக்கிறேன். வெட்டியவன் பயந்திருப்பான் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. எப்போதும் மீசை முறுக்கிய ஒரு வீரனைத்தான் நினைத்துவைத்திருந்தேன்.

திரும்பும் வழியில் பெட்ரோல் போட்டபோது மரியதாஸ் சில்லறையை என்னிடம் நீட்டிக் காட்டினார். எல்லாவற்றிலும் இங்கிலாந்து மகாராணியின் தலை. இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரர்களை இங்கிலீஷ்காரர்கள் ஜெயித்து இருநூற்றைம்பது வருஷம் ஆகப் போகிறது. "இஞ்சத்தைச் சனத்துக்கு இவவில விருப்பமில்லை. ஆனா ஒருத்தரும் வெட்டேல்ல, தேத்தண்ணி வாங்கிக் குடிக்கினம்" என்றார். அன்று முதல் தடவையாகச் சிரித்தேன்.

ஞாயிறு, மாலை 4.00. திரும்பும்போது காசையும் கொண்டுபோய், வந்த வழியே ஊரில் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். போகும்போது பிடித்தால் பிடிக்கட்டும், குற்றமாவது பாதியாகும். கோகிலாவிடம் சொன்னேன். அவள் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன.

"இங்கயே இருக்கட்டுங்கப்பா. பிரசவம் வரைக்குமாச்சும். அப்புறம் யார்கிட்டயாச்சும் குடுத்தனுப்பறேன்."

"யார்கிட்டயாச்சும் குடுத்தனுப்பறதுதான் கண்ணு குத்தமே."

"யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"போன தடவை ஆஸ்பத்திரியில பக்கத்துல யாருமே இல்லீங்கப்பா. இவரையும் வெளிய நிறுத்திட்டாங்க. அவங்க பிரெஞ்சுல பேசறாங்க, எனக்குக் கையக் கால அசைக்க முடியலை. கையில பிடிச்சுக்க ஒண்ணுமே இல்லை" என்றாள்.

நான் சட்டம் பேசினேன். சங்கத்தின் பெயர், பதினோரு வருஷம், நீக்கப்பட்ட உறுப்பினர், எல்லாம் பேசினேன். வேண்டுமானால் டவுனில் கோயில் இருக்கிறது, கழுத்தில் போட ஒரு லட்சுமி டாலர் வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொன்னேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். இரவு சாப்பாட்டின்போது செந்தில் மட்டும் என்னிடம் பேசினார், அதுவும் பருவநிலையைப் பற்றி.

திங்கட்கிழமை முழுவதும் மழை. கோகிலா இரண்டு முறை இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, டாக்டர் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் அவளே வந்து, "குடுங்கப்பா, சிமிழ்ல வெச்சு முன்ன மாதிரியே சுத்தித் தர்றேன். பனியன்ல இருந்தா மெஷின் கத்தும்" என்று கையை நீட்டினாள். மனசு மாறிவிட்டாள் என்று நிம்மதியாகக் கொடுத்தேன். குங்குமம் நிரப்பி, நாடா சுற்றி, கைப்பையில் அவளே வைத்தாள்.

செவ்வாய், மாலை 3.15. மரியதாஸ் டோர்வால் விமான நிலையத்துக்குக் கூட்டி வந்தார். கோகிலா அலைய வேண்டாம் என்று வீட்டு வாசலிலேயே விடை பெற்றிருந்தேன். அவள் குனிய முடியாமல் குனிந்து என் காலைத் தொட்டாள். எனக்கு அவளைப் பார்த்து நிற்கத் தெரியவில்லை, டாக்சிக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். "பயப்பிடாதேங்கோ ஐயா, நாங்கள் பக்கத்திலதானே இருக்கிறம். போயிட்டு வாங்கோ" என்றார் மரியதாஸ், நிலையத்தில் பெட்டியை இறக்கி வைத்தபடி.

4.20. பாதுகாப்புச் சோதனை. கைப்பை எந்திரத்துக்குள் போனது, பாதியில் நின்றது, பின்னால் வந்து மறுபடி போனது. ஒரு அதிகாரி அம்மாள் பையைத் திறந்து, சிமிழை எடுத்து, நாடாவை நகத்தால் கிழித்தாள். எனக்குக் காது அடைத்துப்போய், அவள் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. மூடியைத் திறந்து, விளிம்புவரை சிவப்பாக இருந்ததைப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள்.

"சாமி" என்றேன். பிறகு இங்கிலீஷில், "கடவுள்" என்றேன்.

அவள் சிமிழையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மூடியை அழுத்தி மூடி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்து, "மெர்சி" என்று நன்றி சொன்னாள். நான் எப்படி நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

4.45. உட்கார்ந்ததும் சிமிழைத் திறந்து விரலை விட்டேன். அடிவரை விட்டேன். குங்குமம்தான் இருந்தது. கைக்குட்டையில் கொட்டிப் பார்த்தேன், காசு இல்லை. அந்த அம்மாள் எடுத்துவிட்டாளோ என்று ஒரு கணம். அவள் விரல் உள்ளே போகவே இல்லை என்பது மறு கணம். அதற்கு அப்புறம்தான் மகளின் முகம் ஞாபகம் வந்தது.

கோபம் வந்தது. பொய்யாகச் சொல்லவில்லை, நல்ல கோபம். பெற்ற அப்பனை ஏமாற்றி, சட்டை மடிப்பு கலையாமல் ராஜ்யத்தைப் பிடுங்கிக்கொண்டாள். தொலைபேசிக் கூண்டுக்குப் போனேன். இருபத்தைந்து சென்ட், மகாராணி தலை. வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அடுத்த மகாராணியைப் போட்டு செந்திலின் கைபேசிக்கு அடித்தேன்.

"மாமா, ஆஸ்பத்திரியில இருக்கோம்" என்றார். மூச்சு வாங்கியது. "நீங்க கிளம்பின அரை மணியில பனிக்குடம் உடைஞ்சிருச்சு. குழந்தைக்கு நாடித் துடிப்பு ஏறி ஏறி இறங்குதாம். உள்ள கொண்டு போகப் போறாங்க."

விமானத்தில் ஏற அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். பெட்டி ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. கரூரில் ஒருத்தி ஆபரேஷனுக்குப் படுத்திருக்கிறாள்.

"மாமா, இன்னொண்ணு. அந்தக் காசு அவ கையிலதான் இருக்கு. மோதிரம், வளையல் எல்லாத்தையும் கழட்டிட்டாங்க. அதை மட்டும் விட மாட்டேங்கறா. நர்ஸ் வாங்கப் பாக்கறாங்க, இவ விரலை மடக்கிட்டுப் படுத்திருக்கறா. உங்ககிட்ட பத்திரமா திருப்பித் தரணுமேன்னுதான் நானும் கேட்டுப் பாத்தேன். நீங்க சொன்னா ஒருவேளை குடுப்பாளோ என்னமோ. என்ன பண்ணட்டும்?"

"விட வேண்டாம்னு சொல்லுங்க மாப்பிள்ளை" என்றேன். "அப்பா சொன்னாருன்னு சொல்லுங்க. நர்ஸ்கிட்டயும் சொல்லுங்க."

ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, கையில் இருந்த டாலரையெல்லாம் மாற்றி மறுபடி பேசினேன். பெண் குழந்தை. இரண்டு கிலோ முந்நூறு. தாயும் பிள்ளையும் சுகம். அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வந்து போகிறவர்கள் பார்க்கப் பார்க்க, அழுது தீர்த்தேன்.

ஊர் திரும்பி நானே ஒப்புக்கொண்ட பிறகு, சங்கத்தார் விளக்கம் கேட்டதற்காக இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். காசு இப்போது பியர்பொன்ட்ஸில் இருக்கிறது. சட்டப்படி அது திரும்பி வர வேண்டும், நீங்கள் வழக்குப் போட்டால் மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் கேட்டு என் மகளுக்கு நான் கடிதம் எழுத மாட்டேன். இரண்டாவது மகாராணி தீர்வதற்குள் அந்தத் தொலைபேசியில் சொன்னதுதான் செயலாளராக நான் இட்ட கடைசி உத்தரவு.